கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போன நாள்

என் வீட்டுக்காரருக்குச் சீனி வியாதியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இருபது வருசத்துக்கு மேல் நின்றே வேலை செய்த மனுசன், அதன்பிறகு தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். இரண்டு வருசம். தட்டை வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். அப்படி ஒரு ஆளோடு இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காரின் அருமை விளங்கும்.

வேலை விட்டதும் கிடைத்த அவருடைய சேமலாப நிதிப் பணத்தில் வாங்கிய சின்ன ஆட்டோ கியர் கார். ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் பாய், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி பூட்டிக் கொடுத்தார். தள்ளினால் பிரேக், இழுத்தால் எக்சலேட்டர். அதற்கேற்ற லைசன்ஸும் முறையாக எடுத்தோம். பிறகு லயத்தில் யாருக்கு முடியாமல் போனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இவரைத்தான் தேடி வந்தார்கள். காலையிலேயே சவரம் செய்து, சட்டை மாட்டி, யாருக்காவது தலைவலியாவது வராதா என்று உட்கார்ந்திருப்பார். நான்கூடக் கேலி பண்ணுவேன்.

போன வருசம் மேட்டில் ஏறும்போது கியர் வழுக்க ஆரம்பித்தது. கார் வாங்கும்போதே கூடுதலாகக் கட்டி வாரண்டியை நீட்டி வைத்திருந்தோம். இவரே கம்பெனிக்கு போன் போட்டு, “நான் மட்டுந்தாங்க ஓட்டுறேன், வேற ஆளு கைய வக்கிறதில்ல” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அவர்களும் அதை எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் என் தம்பி வாரண்டிப் புத்தகத்தை எடுத்துப் படித்தான். வண்டியில் எதை மாற்றியிருந்தாலும் வாரண்டி கிடையாதாம்.

“கைப்பிடிக்கும் கியருக்கும் என்னடா சம்பந்தம்?” என்று கத்தினேன். கம்பெனிக்காரன் எதிரில் இல்லை, தம்பிதான் இருந்தான்.

கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோகலாம் என்றது நான்தான். பாய் கழற்றினார், காரின் தரையில் இருந்த ஆணி ஓட்டைகளை அடைத்து மேலே கால்மிதியைப் போட்டார். சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னதால் இவரையும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஒற்றைக் காலோடு போனால் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்பார்களே. ஆஸ்பத்திரியில் கொடுத்த செயற்கைக் காலை மாட்டி, நீளக் கால்சட்டையும் சப்பாத்தும் போட்டுவிட்டேன். ஊன்றுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னதும் நான்தான்.

தம்பி மெதுவாக ஓட்டிக் கண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். கம்பெனி திறந்த உடனே, ஆட்கள் வருமுன்பே, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். “யாரு வந்தாலும் அசையாதீங்க. கையெழுத்த வச்சிட்டுச் சும்மா இருங்க” என்றேன். தலையாட்டினார். மெக்கானிக் பார்த்துவிட்டுக் கியர்தான் கெட்டிருக்கிறது, மாற்றித் தருவோம் என்றான். எனக்கு மூச்சு வந்தது.

மேனேஜர் பைலோடு கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, டை. இவர் எழுந்து நின்றுவிட்டார்.

தோட்டத்தில் துரை வந்தால் சோற்றில் கை வைத்தவன்கூட எழுந்து நிற்பான். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. உடம்பு தானாக எழும்பும். இவருக்கும் எழும்பியது. ஒரு நொடி நின்றார், பிடிக்க ஒன்றும் இல்லாமல் அப்படியே சரிந்தார். கால்சட்டைக்குள் செயற்கைக் கால் திருகி, சப்பாத்து பின்பக்கம் பார்த்துக் கிடந்தது.

மேனேஜர்தான் முதலில் ஓடிவந்து தூக்கினார். “வாடிவென்ன, வாடிவென்ன” என்று சிங்களத்தில் சொல்லி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனுசன், எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை. பிறகு காலைப் பார்த்தார், பைலைப் பார்த்தார்.

“ஐயா, எப்பிடி ஓட்டுறது?” என்று உடைந்த தமிழில் கேட்டார்.

போனில் சொன்னது பழைய கதை, இப்போது மச்சான்தான் ஓட்டுகிறான் என்று என் தம்பியைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “கையாலதாங்க ஐயா. நல்லா ஓட்டுவேங்க.”

மேனேஜர் காரிடம் போய்க் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்தபோது கையெழுத்துக் கேட்கவில்லை.

வரும் வழியில் கினிகத்தேனை மேட்டில் கார் மூன்று தரம் நின்றது. அதுவரை அடக்கி வைத்திருந்தேன்.

“ஏன் எந்திரிச்சீங்க?”

“அவரு வந்தாருல்ல.”

“உங்க மரியாதைய யாரு கேட்டா?”

“அக்கா, விடு” என்றான் தம்பி. நான் விடவில்லை. என் வாய் அப்படி. “இதுக்கு நீங்க படுத்துக் கெடந்த காலமே தேவல” என்றேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் சொல்லியாகிவிட்டது. இவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கைப்பிடியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம், கியரைச் சரிசெய்யத் தன்னால் ஆகாது என்கிறார் பாய். கார் லயத்துக்குப் பக்கத்தில் படங்கு போர்த்திக் கிடக்கிறது. இவர் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். போன கிழமை ஒருநாள் மழை விட்டு வெயில் வந்தது. வெட்கத்தை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “கொஞ்சம் எந்திரிச்சு வாசலுக்கு வாங்களேன்” என்று கெஞ்சினேன்.

“படுத்துக் கெடந்த காலமே தேவலன்னு நீதானே சொன்ன” என்றார், திரும்பிப் பார்க்காமலே. கோபமே இல்லை அந்தக் குரலில்.