ஒசரத் தூக்கிய பந்து

இந்த ஊரில், நம்மைத் தாண்டிப் போன பந்து திரும்பி வருகிறது. ஸ்பெயின் கடற்கரை ஓட்டல் ஒன்றில் என் வீட்டுக்காரர் சமையல்காரர். நான் துணி துவைக்கும் பகுதியில் வேலை. விருந்தாளிகள் மதியத் தூக்கம் போடும்போது வேலைக்காரர்கள் நாங்கள் பின்பக்கம் பாடெல் ஆடுவோம். டென்னிஸ் மாதிரிதான், ஆனால் சுற்றிலும் சுவர். தரையில் ஒருமுறை குத்தி, பின்சுவரில் பட்டு வருகிற பந்தையும் அடிக்கலாம். நான் போடிநாயக்கனூரில் பூப்பந்து ஆடி வளர்ந்தவள். கம்பளி நூல் சுற்றிய அந்த மஞ்சள் பந்து தரையைத் தொட்டால் தொட்டதுதான். இந்தச் சுவரை நம்ப எனக்கு வெகுநாள் பிடித்தது.

என் ஜோடி கார்மென், கூட வேலை செய்பவள். எதிராளிகள் வலையோரம் வந்து நெருக்கினால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடிப்பாள். நானோ பந்துக்கு அடியில் மட்டையைக் கொடுத்து, அவர்கள் தலைக்கு மேலே தூக்கிவிடுவேன். இந்த அடிக்கு லாப் என்று பெயர். முதல் நாள் கார்மென் நெஞ்சில் கைவைத்து, பயமா என்கிற மாதிரி ஏதோ கேட்டாள். விளக்கிச் சொல்ல அவள் பாஷை என்னிடம் இல்லை. தலையை ஆட்டிவைத்தேன். அன்றிலிருந்து ஓட்டல் முழுக்க நான் பயந்தாங்கொள்ளி.

அது பயமில்லை, ஊரில் எனக்கு ஜோடியாக ஆடிய என் கூடப்பிறந்த பேச்சியக்காவுக்காகப் பழகியது. அக்கா விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி ஏலக்காய் எடுக்கப் போவாள். சாயங்காலம் இறங்கியதும் நேரே பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துவிடுவாள். ஆட்டத்தின் மேல் அப்படியொரு ஆசை. முன்னால் பாய்ந்து ஒரு பந்தை எடுத்தால், அந்தக் களைத்த கால்களோடு தன் இடத்துக்குத் திரும்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். "அடியே, ஒசரத் தூக்கிப் போடுடி, நான் வந்துர்றேன்!" என்று கத்துவாள். மலைக்காற்று தள்ளுவதற்கும் சேர்த்துத் தூக்குவேன். பந்து இறங்குவதற்குள் வந்து நிற்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

போன கோடையில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அண்ணன் டிரங்க் கால் போட்டுப் பேசினார்.

"வெரசா வா ஆத்தா. தங்கச்சி வந்துருவாளான்னு கேட்டுக்கிட்டே கெடக்கா."

"வர்றேண்ணே. அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கச் சொல்லு."

ஓட்டலில் கூட்டம் அம்முகிற மாதம், லீவு இல்லை. லீவு கிடைத்தபோது டிக்கெட் இல்லை. நான் போய் இறங்கியபோது கருமாதியே முடிந்திருந்தது. ஏன் இத்தனை தாமதம் என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

திரும்பி வந்தபின் கார்மென்தான் கையைப் பிடித்து ஆடக் கூட்டிப் போனாள். ஒரு பந்துக்குப் பாய்ந்தவள் ஓரத்தில் சறுக்கி விழுந்தாள். எதிராளி ஓங்கி அடித்தது பின்சுவரில் பட்டு என்னிடம் வந்தது. முடிந்தமட்டும் உயரத் தூக்கினேன். "அக்கா, வந்துரு!" என்று என்னையறியாமல் தமிழில் கத்திவிட்டேன். எதிராளிகள் அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓடினார்கள். கார்மென் எழுந்து வந்து, பந்து இறங்குமுன் வலையோரம் நின்றாள்.

இப்போது அவளுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது. அக்கா என்றதும் ஓடி வந்துவிடுகிறாள். வந்து நிற்பது யார் என்று, நான்தான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.