அக்னெஸ் அக்கா பார்த்த சிட்னி

யாராவது கதைக்கத் தொடங்கினால் அக்னெஸ் அக்கா மெல்லுவதை நிறுத்திவிடுவார். வாயிலுள்ள சோறு இடது கன்னத்துக்குப் போய்விடும். கரண்டி சாப்பாட்டுப் பெட்டியின் விளிம்பில் சாயும். சொல்பவர் முடிக்கும்வரை அந்தக் கன்னம் புடைத்தபடியே இருக்கும். பிறகு ஒரு தலையாட்டல், மெல்லல் தொடரும். அவருடைய பாதிச் சாப்பாடு எப்போதும் வீட்டுக்குத் திரும்பிப் போனது இதனால்தான்.

பிரெஞ்சு பேசும் எங்கள் குளிர் ஊரில், சென்ட் லோரன்ட் பகுதியில், மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே லைன். அக்கா மன்னாரில் பிறந்தவர், ஐம்பத்திரண்டு வயது. தங்கையைக் கட்டிக்கொடுத்தார், தங்கையின் பிள்ளைகளை வளர்த்துவிட்டார், தான் கலியாணம் செய்யவில்லை. ஞாயிறு பூசையில் பாடற்குழுவின் பின்வரிசை. இருபத்தொரு வருடமாக அதே லைன்.

வேறு எவரிடமும் சொல்லாத என் சிட்னிப் பயணக் கனவை அவரிடம்தான் சொன்னேன். முதல் நாள் ஒன்றும் பார்க்காமல் துறைமுகப் படிகளில் இருப்பது. பாலத்தின் கிழக்குப் பக்க நடைபாதையில் நடப்பது. மான்லிக் கடற்கரைக்குப் போகும் படகில் வலதுபக்கம் இடம்பிடிப்பது, கரையிலுள்ள இசை அரங்கின் அந்த வெள்ளைக் கூரைகள் மெல்ல விலகுவதைப் பார்க்க. இரண்டு வருடம் இதையே சொன்னேன். பெப்ரவரியில் எங்கள் லைனில் ஒருவருக்குத்தான் மூன்று கிழமை லீவு. சுப்பர்வைசர் மார்த்தின் முன்னால் நின்று பிரெஞ்சில் கேட்க எனக்கு வாய் வராது. படிவம் என் பையிலேயே கசங்கியது.

மூன்றாவது வருட மார்கழியில் அக்கா மேசையில் சொன்னார்: “நான் மாசியிலை சிட்னிக்குப் போறன்.”

“ஆற்றை கலியாணம்?” என்றார் எதிரே இருந்த சண்முகலிங்கம் அண்ணை.

“ஒருத்தற்றையும் இல்லை.”

“அப்ப செத்தவீடோ?”

“சும்மா பாக்கப் போறன், அண்ணை.”

“சும்மாவோ? தனியவோ? அங்கை மாப்பிளை ஆரையும் ஒளிச்சு வைச்சிருக்கிறீரோ?”

“வைச்சிருந்தா முதல் கலியாணக் காட் உங்களுக்குத்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார். “நீர் சொன்ன படகிலை கட்டாயம் ஏறுவன், தம்பி.”

“ஓம் அக்கா, நல்லது,” என்றேன். போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

தேவாலயத்தில் பெண்கள் சிட்னி உறவுகளுக்கு மிளகாய்த்தூள் பொதிகள் கொண்டுவந்தார்கள். “எயாப்போட்டிலை எறிஞ்சுபோடுவாங்கள்” என்று அவர் ஒன்றையும் வாங்கவில்லை. தன் வீட்டில் தங்காமல் ஹோட்டல் எடுத்ததற்கு அங்குள்ள மச்சாள் கோபமாம். கோபித்து, அழுது, பயணத்தை நிறுத்தட்டும் என்று நினைத்தேன். அவர் பறந்த நாளில் பனிப்புயல் வருமா என்று நாலு தரம் வானிலை பார்த்தேன். நல்ல வெயில்.

படங்கள் வாட்சப்பில் வந்தன. இங்கே நான் மைனஸ் இருபத்தாறு குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும். படிகளில் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கிறார். பாலம், கிழக்குப் பக்கம். படகு, வலதுபக்கம். நான் மனதில் திருத்தித் திருத்தி வைத்திருந்த கவிதையை வேறொருவர் மேடையில் வாசிப்பதைக் கேட்பதுபோல இருந்தது. ஒரு வரிகூடப் பிசகவில்லை. “நீர் சொன்ன மாதிரியே இருக்கு தம்பி” என்று எழுதியிருந்தார். வாசித்தேன். பதில் போடவில்லை.

திரும்பி வந்தபோது படகு நேர அட்டவணை ஒன்றை எனக்காகக் கொண்டுவந்தார். நன்றி சொல்லி வாங்கினேன். அன்றிலிருந்து கோப்பி மெஷினுக்குப் பக்கத்து மேசையில் தனியே சாப்பிட்டேன். “என்ன தம்பி, எங்களோடை கோவமோ?” என்று ஒருநாள் கேட்டார். “இல்லை அக்கா, இங்கை வெளிச்சம் கூட” என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை.

ஒக்டோபரில், அந்த எரிச்சலே தள்ளிக்கொண்டு போய், படிவத்தை மார்த்தினிடம் நீட்டினேன்.

“இந்தமுறை உண்மையாகவா?” என்று சிரித்தார் அவர்.

வேலை மூப்பின்படி பெப்ரவரி லீவு முதலில் அக்னெஸ் அக்காவுக்குத்தான் போகுமாம். நான் சிட்னி சிட்னி என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வருடமும் அவர் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெடியன் வந்து கேட்பான், அவனுக்கு வையுங்கோ என்று சொல்லி.