நாற்பத்தெட்டுத் தங்கத் திருகுகள்

விஸ்வநத்தத்து அழகுமீனா ஆறு வருஷம் சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்தவள். பிறகு தானாகக் கற்றுக்கொண்டு வேறு வேலைக்கு வந்தாள். பாட்டுப் பதிவு செய்யும் சாஃப்ட்வேரில் நூற்றுக்கணக்கான கட்டளைகள் எங்கெங்கோ ஒளிந்து கிடக்கும். ஒருவருக்கு அன்றாடம் வேண்டியதை மட்டும் எடுத்து, பொத்தானும், ரேடியோவில் சத்தம் கூட்டுவது போன்ற திருகுமாகத் திரையில் ஒரே இடத்தில் அமைத்துக் கொடுப்பாள். அதற்குப் பேனல் என்று பெயர்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதி ஸ்டூடியோ கட்டியபோது அவளைக் கூப்பிட்டார். கல்யாண வீடுகளில் மைக்செட்டுக்குப் பக்கத்துப் பந்தியில் சாப்பிட்டதைத் தவிர அவருக்கும் இசைக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் மதுரையில் அவருடைய சம்பந்தி ஸ்டூடியோ வைத்திருந்தார். அது போதாதா?

சவுண்டு என்ஜினியர் புகழேந்தியின் கை எங்கெங்கே போகிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அழகுமீனா ஆறே பொத்தான்களோடு சாம்பல் நிறத்தில் ஒரு பேனல் செய்தாள். பதிவுப் பொத்தான் மட்டும் பெரிதாக, சிவப்பாக.

"என்னம்மா இது, ரேஷன் கடை போர்டு கணக்கா இருக்கு?" என்றார் முதலாளி.

"வேலைக்கு இம்புட்டுத்தான் வேணும், அண்ணாச்சி."

"வர்றவுக பாத்து அசரணும். தங்கக் கலர்ல திருகு போடு, நாப்பத்தெட்டு. நடுவுல என் போட்டோ."

"நாப்பத்தெட்டும் என்ன வேலை செய்யணும்?"

"சுத்தணும்."

பதிவுப் பொத்தான் சங்கு சக்கரமாக மாறியது. அமுக்கினால் பொறி பறக்கச் சுழலும். வலது பக்கம் ஒன்று இருக்கும்போது இடது பக்கமும் ஒன்று இருந்தால்தான் லட்சணமாம். இடது சக்கரம் வெறுமனே சுழலும், எதையும் பதியாது, புகழேந்தி ஏமாந்துவிடுவார் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "ஏமாற அவன் என்ன சின்னப் பிள்ளையா?" என்று முடித்துவிட்டார்.

திறப்பு நாளில் பாட வந்தவள் இருளம்மாள். பட்டாசு ஆலைத் தொழிலாளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்தில் முன்பாட்டுப் பாடுகிறவள். ஆலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். கண்ணை மூடி இருபத்தைந்து நிமிஷம் மாரியம்மன் பாட்டைப் பாடினாள். புகழேந்தியின் தோளில் கைபோட்டபடி முதலாளி விருந்தாளிகளுக்குத் திருகுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நெரிசலில் அவன் இடது சக்கரத்தை அமுக்கியிருந்தான். சக்கரம் ஜோராகச் சுழன்றது. பாட்டில் ஒரு வரிகூடப் பதியவில்லை.

"அதுக்கென்ன, இன்னொரு தடவ பாடச் சொல்லு" என்றார் கனகசபாபதி, இருளம்மாளின் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"சாமிக்குப் பாடுனது சாமிக்குப் போயிருச்சு. உங்களுக்குக் கெடைக்கலேன்னா நான் என்ன செய்ய?" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அவர் அழகுமீனாவிடம் திரும்பினார். "நீ செஞ்ச பேனல்தானே?"

"நடுவுல யாரு படம் இருக்குன்னு பாருங்க, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவளும் வெளியேறினாள்.

சொன்னாளே தவிர, பஸ்ஸில் வரும்போது நெஞ்சு உறுத்தியது. கேடு என்று தெரிந்தேதானே வரைந்தாள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பும் மைக்குமாக இருளம்மாளின் வீட்டுக்குப் போனாள். புதுப் பேனலில் இருந்தவை மூன்று: பதிய ஒரு சிவப்பு வட்டம், நிறுத்த ஒரு கறுப்புக் கட்டம், குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோடு.

"நீங்களே அமுக்குங்க."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, தாயி."

"இதுல எழுத்தே இல்லம்மா."

இருளம்மாள் வட்டத்தை அமுக்கி ஒரு செருமு செருமினாள். கோடு துள்ளியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று இரண்டு பாட்டுப் பாடி, அவளே நிறுத்தினாள். கைதவறிப்போன அந்தப் பாட்டை மட்டும் எவ்வளவு கேட்டும் பாட மறுத்துவிட்டாள். மற்றவை ஊர் ஊராகப் பலருடைய செல்போன்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

கனகசபாபதியின் ஸ்டூடியோவில் இப்போது தீபாவளி சீசனுக்குப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் லோடு இறக்குகிறார்கள். ஏசி அறை, அட்டை நமுத்துப்போகாது என்று பெருமையாகச் சொல்கிறாராம்.

அழகுமீனா, வீட்டிலிருந்தே தனியாகப் பதிவு செய்கிற கலைஞர்களுக்குப் பேனல் செய்கிறாள். பார்வை மங்கிய காரியாபட்டி நாதஸ்வரக்காரர் ஒருவர், நிறுத்தும் பொத்தான் இன்னும் பெரிதாக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது தடவையாகப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறாள்.