ஹாரன் அடித்த பிறகு வந்த கடைசிக் காட்சி

புதன்கிழமை காலை படப்பை கடைத்தெருவில் என் மைக் செட் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். இரவு ஷிப்ட்காரர்களை இறக்கிவிட்டுத் திரும்பும் மறைமலை நகர் கம்பெனி பஸ், நிறுத்தமே இல்லாத இடத்தில், என் கடை முன்னால் வந்து நின்றது. டிரைவர் செல்லையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"அண்ணாச்சி, சவரிமுத்து அண்ணன் தவறிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலின்னிருக்காவ. தாம்பரம் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எதிரே ஒரு மாட்டு வண்டி குறுக்கிட்டது. அது விலகும்வரை ஹாரனைத் தொடாமல் காத்திருந்தார். ஏன் தொடவில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் மேலே படித்தால் விளங்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை இருந்திருக்கக் கூடாதா மனுஷன்? மாதா கோயில் திடலுக்கு நாலு குழாய் ஸ்பீக்கரும் இரண்டு மைக்கும் எடுத்து வைத்திருந்தேன். அவை கடைக்குள் அப்படியே கிடந்தன.

சவரிமுத்து அந்தக் கம்பெனி பஸ்ஸை வெகுகாலம் ஓட்டியவர். சேரப்பணஞ்சேரிப் பக்கத்து மாதா கோயில் திருவிழாவில் வருஷத்துக்கு ஒரு பாகமாக 'பூட்டிய கிடங்கு' என்ற துப்பறியும் நாடகத்தைப் போட்டவரும் அவர்தான். எழுதுவதும் அவர், சொல்லிக்கொடுப்பதும் அவர், இன்ஸ்பெக்டர் தயாளனாக வருவதும் அவர். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் யூனிபாரத்தோடும் டிபன் கேரியரோடும் மண்ணில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களை ஏற்றிப் போகும் பஸ் திடலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டும். கடைசி வசனம் முடிந்ததும் சவரிமுத்து தேங்காய் எண்ணெயால் பவுடரைத் துடைத்துக்கொண்டு நேராக ஸ்டீயரிங்கில் போய் உட்காருவார். ஒரு வருஷம் ஒட்டு மீசையை எடுக்க மறந்து போய்விட்டார். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்தாராம்.

ஒருமுறை நாடகம் இழுத்துக்கொண்டே போனது. நான் மேடை ஓரத்திலிருந்து கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டிச் சலித்துவிட்டேன். சீன் மாறும் இடைவெளியில் வந்து சொன்னார்: "இன்னாத்துக்கு மைக்கு பதர்ற? கதையும் என் கைலதான் கீது, வண்டி சாவியும் என் பாக்கெட்லதான் கீது." மைக்கு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். அந்தத் தெம்பில்தான் அத்தனை வருஷமும் நாடகம் நடந்தது. டிரைவர் மேடையில் இருக்கும்வரை யாருக்கும் முடிவு தவறிப்போக வழியில்லை.

பெட்ரோமாக்ஸ் விளக்கை வாடகைக்குத் தலையில் சுமந்து தொழிலைத் தொடங்கியவன் நான். நடிப்புக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கிடங்குக் கொலைகளுக்கெல்லாம் உத்தரவு போடும் 'பெரியவர்' மேடைக்கு வருவதில்லை. டெலிபோனில் குரல் மட்டும் கேட்கும். மைக்கின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு அந்தக் குரலில் பேசியது நான். இரண்டாம் பாகத்துக்குப் பிறகு கடைத்தெருவில் வருஷம் முழுக்க ஒரே கேள்விதான், பெரியவர் யார்? லாரி ஆபீஸ் முதலாளி என்றார்கள், டாக்டர் என்றார்கள். அந்த வசனத்தைப் பேசுகிற எனக்கே சவரிமுத்து சொல்லவில்லை. "உங்கைல சொன்னா பந்தல்காரனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சா படப்பைக்கே தெரியும்," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஜனங்களுக்கு இன்ஸ்பெக்டரைவிட உயிர், கான்ஸ்டபிள் நானூத்திப் பத்து. மணிமங்கலத்திலிருந்து தள்ளுவண்டியில் காய்கறி கொண்டு வந்து விற்கும் ஏகாம்பரம்தான் அது. தொப்பியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு அவர் நுழைந்தாலே திடல் சிரிக்கும். காய் வாங்க வரும் பெண்கள்கூட "ஏட்டய்யா, கால் கிலோ வெண்டைக்கா" என்றுதான் கேட்பார்கள்.

போன வருஷம் சவரிமுத்துவை பஸ்ஸிலிருந்து இறக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். நெஞ்சு வலி என்று தெரிந்த பிறகு எந்தக் கம்பெனியும் அதைத்தான் செய்யும். அன்றே என் கடைக்கு வந்து, இந்தத் திருவிழாவோடு 'பூட்டிய கிடங்கு' முடிகிறது என்றார். ஓடுகிற சரக்கை எவனாவது நிறுத்துவானா என்று கத்தினேன். "ஆளை வண்டியவுட்டு எறக்கிட்டாங்க மைக்கு. கதையையும் எவனாவது எறக்கறதுக்கு முன்ன நானே ஓரங்கட்டி நிறுத்திடறேன்," என்றார்.

கடைசிப் பாகத்துக்கு வந்த கூட்டத்தைத் திடல் தாங்கவில்லை. ஒவ்வொரு சீனிலும் கைத்தட்டல் விழுந்து நாடகம் நீண்டது. ஒன்பது மணி ஆகும்போது இன்ஸ்பெக்டர் தயாளன் தன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "நீங்க தேடற பெரியவரு நான்தான்," என்றார். அந்த நொடியில்தான் செல்லையா ஹாரன் அடித்தார். புதிதாக வந்த ஆள், நேரத்துக்கு வண்டியைக் கொண்டு சேர்க்காவிட்டால் அவர் வேலை போய்விடும். சவரிமுத்து மேடையிலிருந்து இருட்டில் நின்ற பஸ்ஸைப் பார்த்தார். கை தன்னால் பாக்கெட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். சாவி அங்கே இல்லை.

இரவு ஷிப்ட்காரர்கள் எழுந்து போனார்கள். சிலர் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் கடைசிக் காட்சி. விலங்கை இன்ஸ்பெக்டர் தன் கையிலேயே மாட்டிக்கொள்ளப் போகிறார். கான்ஸ்டபிள் நானூத்திப் பத்து ஓடிவந்து அவர் கையைப் பிடிக்கிறான். "ஐயா, நீங்க வேணாம்யா. நான்தான்யா. பெரியவரு நான்தான்யா." டெலிபோனில் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு பேசியது அவன்தான். அதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் ஒன்று சொல்வார். அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாளிலிருந்து ஊர் மூன்றாகப் பிரிந்தது. இருந்து பார்த்தவர்களில் ஒரு பாதி, இதைவிட நல்ல முடிவு உண்டா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. மறு பாதி, சிரிக்க வைத்தவனைக் கொலைகாரனாக்கிவிட்டானே என்று வைதது. நான் இரண்டாவது கட்சி. அதை சவரிமுத்துவின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஜனம் திட்டுதுன்னா இன்னும் கேட்டுக்கினு கீதுன்னு அர்த்தம்," என்று சிரித்தார்.

மூன்றாவது கட்சிதான் அவரைச் சாய்த்தது. ஹாரன் கேட்டு எழுந்து போனவர்களுக்கு இன்ஸ்பெக்டர்தான் கொலைகாரன். மற்றவர்கள் எடுத்துச் சொன்னால், "நாங்க போனப்புறம் மாத்திக்கினீங்களா?" என்பார்கள். அந்த பஸ்ஸில் அவர் எத்தனையோ வருஷம் ஏற்றி இறக்கிய ஆட்கள் அவர்கள். ஒருநாள் படப்பை நிறுத்தத்தில் துரைசாமி என்ற பழைய பிட்டர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "நீயே கொலகாரன்னா, இத்தினி வருசம் நாங்க யாருக்குய்யா கை தட்னோம்?"

சவரிமுத்து நிறுத்தத்தை விட்டு நடந்தார். கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்யா," என்றேன்.

"சொன்னா அது சேதி மைக்கு. பாத்தாதான் கதை. அவுங்களுக்கு அந்த ஒரு சீனையாவது போட்டுக் காட்டணும். இல்லன்னா நான் அவுங்களை நடுரோட்டுல எறக்கிவிட்டவன்தான்."

ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, கடைசிக் காட்சியை மட்டும் போடுவது என்று முடிவானது. மாதா கோயில் சாமியாரும் திடலைக் கொடுத்தார். ஏகாம்பரம்தான் வர மறுத்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. "கொலகாரன் கையால கத்திரிக்காயா?" என்று கேலி செய்துகொண்டே பெண்கள் அடுத்த வண்டிக்குப் போனார்கள். முதலில் விளையாட்டு, பிறகு பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் வண்டியில் பாதிக் காய் வாடி மிஞ்சியது. நானும் சவரிமுத்துவும் மணிமங்கலத்துக்கு அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தினார்.

"உங்க கூத்துக்கு எங்க அடுப்பு அணையணுமா? எங்கூட்டுக்காரரு இனிமே வேசம் கட்ட மாட்டாரு, போங்க."

உள்ளே ஏகாம்பரம் சாக்கை உதறிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "எனக்கு இன்னாண்ணா தெரியும், சிரிக்க வெக்கத்தான் தெரியும். அத்தையும் புடுங்கினீங்க," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சவரி, முடிவை மாத்திடு. பெரியவர் எவனோ வெளியூர்க்காரன்னு வெச்சிடு. எல்லாருக்கும் நிம்மதி," என்றேன். இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன்.

சவரிமுத்து நெஞ்சைத் தடவிக்கொண்டே அந்த வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "வெளியூர்க்காரன் தப்பு பண்ணா யாருக்கு வலிக்கும் மைக்கு? நம்மாளு பண்ணாதான வலிக்கும். இவன எல்லாருக்கும் புடிக்கும். அதுக்குத்தான் இவன வெச்சேன்."

உள்ளே சாக்கு உதறும் சத்தம் நின்றது. ஏகாம்பரத்தின் குரல் வந்தது: "நாயித்துக்கெழமை பாக்கலாம்." வருகிறேன் என்று அதற்கு அர்த்தமா, இல்லையா என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே திரும்பினோம். அதுதான் நாங்கள் போட்ட கடைசிச் சண்டை. திங்கள்கிழமை நடந்தது. புதன்கிழமை பஸ் வந்து நின்றது.

அன்று சாயங்காலமே அடக்கம். இரவு ஷிப்ட் பஸ் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்து அவர் தெருவில் நின்றது. எல்லாரும் டிபன் கேரியரோடு இறங்கினார்கள். செல்லையா எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் இறங்கினார். வீட்டு முன் பெட்டியில் சவரிமுத்து கிடந்தார். கையில் ஜெபமாலை. ஒட்டு மீசை இல்லாத அந்த முகத்தைப் பலர் அன்றுதான் நின்று பார்த்தார்கள்.

ஏகாம்பரம் தள்ளுவண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு வந்து கால்மாட்டில் நின்றார். துரைசாமி அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்: "ஏகாம்பரம், அன்னிக்கு நாங்க போனப்புறம் இன்னாதான்பா ஆச்சு?"

ஏகாம்பரம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். காலைச் சேர்த்து விறைப்பாக நின்றார். பெட்டிப் பக்கம் வந்து குனிந்து, ஜெபமாலை கட்டிய சவரிமுத்துவின் கையைப் பிடித்தார்.

"ஐயா, நீங்க வேணாம்யா. நான்தான்யா. பெரியவரு நான்தான்யா."

ஒருவரும் சிரிக்கவில்லை. இரவு ஷிப்ட்காரர்கள் பிரமை பிடித்து நின்றார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்தது இன்ஸ்பெக்டர் பேச வேண்டும். இருந்து பார்த்தவர்கள் அத்தனை பேரும் பெட்டியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் கையை விடாமல் குனிந்தபடியே காத்திருந்தார். எனக்கு அந்த வசனம் மனப்பாடம். ஆனால் ஊருக்கு என் குரல் பெரியவரின் குரல். இன்ஸ்பெக்டரின் பதில் அந்தக் குரலில் வந்தால் சவரிமுத்து கட்டியதெல்லாம் இடிந்து போகும். வாயை மூடிக்கொண்டேன். சாமியார் ஜெபத்தைத் தொடங்கினார். பெட்டியை மூடினார்கள். கல்லறையில் மண் விழுந்து முடியும்வரை செல்லையா வண்டியை எடுக்கவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. அன்றைய ஷிப்டுக்கு எல்லாரும் தாமதம்.

அந்த முடிவு தப்பு என்று இப்போதும் சொல்வேன். யாரிடம் போய்ச் சொல்வது? கடை ஸ்டூலில் யாராவது உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. வியாபாரத்தில் எவ்வளவோ இழந்திருக்கிறேன், திரும்பப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதும் இருந்தது. இதில் பிடிக்க ஒன்றுமில்லை. இனி ஏகாம்பரம் எந்த மேடையில் குனிந்து நின்றாலும் பதில் வராது.

சவரிமுத்து என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு வசனம். அதை நான் மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை. அன்று பஸ் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்த இரவு ஷிப்ட்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கான்ஸ்டபிள் கையைப் பிடித்ததும், இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த தன் தொப்பியை எடுத்து அவன் தலையில் நேராக வைப்பார். வைத்துவிட்டுச் சொல்வார்:

"தெரியும்டா. மூணாவது வருசத்துலயே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னுதான் இத்தினி நாளா குந்திக்கினு கீறேன்."

தயவுசெய்து இதை என் குரலில் படிக்காதீர்கள்.