வடக்கில் அதிகம், தெற்கில் குறைவு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் செங்கல்பட்டில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தேன். இரண்டாம் ஆண்டில் ஆளுக்கு ஒரு ஆய்வேடு எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். எங்கள் துறையில் மாணவர்கள் பதினொரு பேர். வேலை செய்யும் நுண்ணோக்கிகள் இரண்டு. அதனாலோ என்னவோ, நுண்ணோக்கி தேவைப்படாத தலைப்புகள் மீது எங்கள் பேராசிரியருக்குத் தனி மரியாதை உண்டு. எனக்கு அவர் கொடுத்தது நண்டு.

மாமல்லபுரம் கடற்கரையில் மணலில் வளை தோண்டி வாழும் வெளிறிய நண்டு ஒன்று உண்டு. ஆள் நிழல் பட்டாலே வளைக்குள் ஓடிவிடும். மாதம் இரண்டு முறை போய் அதன் வளைகளை எண்ண வேண்டும். "நண்டைப் பிடிக்கக்கூட வேணாம்மா. பொந்தை எண்ணினா போதும்" என்றார். பெண்பிள்ளை என்று சலுகை காட்டிவிட்டதாக அவருக்கு ஒரு பூரிப்பு.

முடிவும் தயாராகவே இருந்தது. அதே கடற்கரையில், அதே நண்டைப் பற்றித்தான் அவர் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். வடக்கில் அதிகம், தெற்கில் குறைவு என்பது அவர் கண்டுபிடிப்பு. "நீ போய் அதை உறுதிப்படுத்திட்டு வந்துடு" என்று சொல்லி அனுப்பினார்.

எண்ணுவதற்கு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்று வேண்டும். மணலில் போட்டு, அதற்குள் இருக்கும் வளைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, அடுத்த இடத்துக்குத் தூக்கிப் போட வேண்டும். அப்பா மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கூட வேலை செய்பவரிடம் சொல்லி மெல்லிய இரும்புக் குழாயில் சட்டத்தைப் பற்றவைத்து, கம்பெனி பஸ்ஸிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அந்த ஆராய்ச்சிக்கு இவ்வளவு கனமான சாமான் தேவைப்படுகிறது என்பதில் அவருக்குப் பெருமை.

முதல் நாள் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் சட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாமா இது, ஜன்னலா? வூடு கட்டிகினு கீறீங்களா?"

"இல்லண்ணே. நண்டு எண்ணறதுக்கு."

லக்கேஜ் டிக்கெட் கிழிக்கப் போன கை அப்படியே நின்றது. என்னை ஒருதரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார். அந்த வழியில் அதற்குப் பிறகு யாரும் என்னிடம் லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை.

கடற்கரையில் என்னை முதலில் விசாரித்தது, படகு ஓரமாக உட்கார்ந்து வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கும்.

"எண்ணி இன்னா பண்ணுவே?"

"எழுதுவேன்கா."

"புடிக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப நண்டுக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிக்கொண்டார்.

மூன்று மாதம் எண்ணினேன். கணக்கு தலைகீழாக வந்தது. தெற்கில் வளைகள் சல்லடைபோல் கிடந்தன. வடக்கில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். நெடுநேரம் பக்கங்களைப் புரட்டினார்.

"எத்தனை மணிக்குப் போன?"

"காலைல ஆறரைக்கு சார்."

"நண்டு தூங்கிட்டு இருந்திருக்கும்."

"நான் வளையைத்தான் சார் எண்ணினேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுபடியும் எண்ணு" என்றார்.

மறுபடியும் எண்ணினேன். நண்டுகள் அசைந்து கொடுக்கவில்லை. வடக்குப் பக்கம் சட்டத்தைப் போட்டுவிட்டு நான் அழாத குறையாக நிற்பதைப் பார்த்து, அந்த அக்காவே எழுந்து வந்தார்.

"இங்க இன்னா தேடினு கீற? இந்தாண்ட ஓட்டலு வந்துச்சுல்ல, டெய்லி காலீல ஒரு ஆளு வந்து மண்ண வாரி வாரி சமம் பண்ட்டு போறான். வெள்ளக்காரங்க நடக்கறதுக்கு மண்ணு வழவழன்னு இருக்கணுமாம். நண்டுக்கு இன்னா பைத்தியமா, டெய்லி ஒரு வூடு கட்டறதுக்கு?"

மறுவாரம் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நீளமான வாரியால் மணலைக் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு இழுப்பிலும் என் ஆராய்ச்சி மூடிக்கொண்டே வந்தது. ஆனாலும் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றுக்குக் காரணம் தெரிந்துகொண்டிருக்கிறேன், அதுவும் பாடப்புத்தகத்தில் இல்லாத காரணம். வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் ஆறு பக்கம் எழுதினேன்.

பேராசிரியர் அந்த ஆறு பக்கத்தையும் மூலைக்கு மூலை அடித்தார்.

"மீன்காரம்மா சொன்னதை எல்லாம் ஆதாரமா போட முடியாது."

"நானே பார்த்தேன் சார்."

"பார்த்தது சரிம்மா. ரெஃபரன்ஸ் எங்க?"

ஆறு பக்கமும் ஒரே வரியாகச் சுருங்கியது: மனிதத் தலையீடு ஓரளவு இருந்திருக்கக்கூடும்; மேலும் ஆய்வு தேவை. அதற்கு முன்னால், வடக்கில் அதிகம் என்ற அவருடைய முடிவைப் பாராட்டி இரண்டு பக்கம் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். பட்டம் எனக்கு வேண்டியிருந்தது.

இங்கிலீஷில் எழுதிய கையெழுத்துப் பிரதியைப் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த டி.டி.பி. சென்டரில் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகையும் ஆய்வேடும் ஒரே கம்ப்யூட்டரில் அடிக்கும் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். வேலையில் அவ்வளவு அக்கறை. "அக்கா, உங்க ஸ்பெல்லிங் ரொம்ப தப்பு. கம்ப்யூட்டரே செவப்புக் கோடு போட்டுச்சு. எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்றாள். நன்றி சொல்லிவிட்டு நேரே பைண்டிங்குக்குக் கொடுத்தேன். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, ஐந்து பிரதிகள். 'என் நேரடி மேற்பார்வையில் எழுதப்பட்டது, முழுவதும் படித்துத் திருப்தியடைந்தேன்' என்று பேராசிரியர் ஐந்திலும் கையெழுத்துப் போட்டார். ஐந்துக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

வாய்மொழித் தேர்வுக்குத் தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நடுப்பக்கம் ஒன்றைத் திறந்தார்.

"ஆக்டோபஸ் கரைல வந்து மணல்ல வளை தோண்டுதுன்னு எழுதியிருக்கே. எனக்குப் புதுசா இருக்கே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் எங்கள் பேராசிரியர் முந்திக்கொண்டார். "ஆமா சார். இந்தக் கடற்கரைக்கே உரிய தன்மை அது."

எட்டிப் பார்த்தேன். நண்டின் லத்தீன் பெயர் ஆசிபோட். அது எங்கெல்லாம் வர வேண்டுமோ அங்கெல்லாம் ஆக்டோபஸ் என்று அச்சாகியிருந்தது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த கடல் பிராணி அது ஒன்றுதான் போலிருக்கிறது. எட்டு மாதமாக நான் இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் எண்ணியது ஆக்டோபஸ் வளைகளை. சும்மா இருந்தால் பாஸாகிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நாக்கு கேட்கவில்லை.

"சார், அது டைப்பிங் தப்பு. அது நண்டு."

வந்தவர் எங்கள் பேராசிரியரைப் பார்த்தார். எங்கள் பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார்.

"எல்லா இடத்திலயுமா?"

"எல்லா இடத்திலயும் சார்."

"அப்படின்னா பரவாயில்லை. முன்னுக்குப் பின் முரண் இல்லை" என்றார். கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அட்டவணையில் விரல் வைத்து, "இதுல தெற்குதானே அதிகமா வருது? முடிவுல ஏன் வடக்குன்னு இருக்கு?" என்றார். அந்த அறையில் என் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தையாவது படித்தவர் அவர்தான். வாரிக்காரரைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

"நேர்ல பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"பக்க வரம்பு சார்" என்றார் எங்கள் பேராசிரியர்.

தேர்வுக்கு வந்திருந்தவர் மதியம் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்றார். மூவரும் போனோம். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, தெற்குப் பக்கம் ஒரு வளை வாசலில் குந்தி உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க ஃபார்மலின் புட்டியில்தான் இந்த நண்டைப் பார்த்திருக்கிறாராம். கால் மணி நேரம் மூச்சுவிடாமல் காத்திருந்தார். கடைசியில் இரண்டு கண்கள் மட்டும் குச்சிபோல் வெளியே எட்டிப் பார்த்தன. "அடடா" என்றார், குழந்தை மாதிரி. தூரத்தில் ஷூவோடு நின்றிருந்த எங்கள் பேராசிரியரை, "இங்க வாங்க சார், நிறைய இருக்கு" என்று கூப்பிட்டார். அவரும் வந்து சுற்றிலும் பார்த்தார்.

"இந்த வருஷம் மழை கம்மி" என்றார்.

மறுநாள் அப்பாவும் நானும் வீட்டில் உட்கார்ந்து, 'ஆக்டோபஸ் என்று வரும் இடங்களில் எல்லாம் ஆசிபோட் என்று படிக்கவும்' என்ற துண்டுச் சீட்டை ஐந்து பிரதிகளிலும் கோந்து தடவி ஒட்டினோம். முதல் வகுப்பில் தேறினேன். முடிவில் இருந்த வடக்கு வடக்காகவே இருந்தது. அதைத் திருத்த யாரும் சீட்டு கேட்கவில்லை.

ஒட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே அப்பா கேட்டார்: "இத்தினி மாசமா எண்ணினியே, மொத்தம் எத்தினி கீது?"

சொன்னேன். கோந்து புட்டியை மூடி வைத்தார்.

"பரவால்ல, நெறையத்தான் கீது" என்றார்.

அந்த ஆராய்ச்சியில் எண்ணிக்கையை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.