காங்கோவின் கழுத்து மணி

என் வீட்டுக் கம்பிக்கதவில் அழைப்பு மணி கிடையாது. ஒரு மரமணிதான் தொங்குகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கறுத்த மரம், உள்ளே நாக்கு மாதிரி இரண்டு மரக்குச்சிகள். ஆட்டினால் கணீரென்று ஒலிக்காது. யாரோ கூச்சப்பட்டுக்கொண்டு கதவைத் தட்டுவதுபோல டொக் டொக்கென்று கேட்கும். போன வாரம் கூரியர் கொண்டுவந்தவர், "இதென்னம்மா, மாட்டு மணியா?" என்றார். நாய் மணி என்றேன். நாய்க்கு எதுக்கும்மா மணி, குரைக்குமே என்றார். இது குரைக்காத நாயின் மணி என்றேன். மனிதர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். தனியாக இருக்கிற கிழவி ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஐ.நா. படையோடு காங்கோவுக்குப் போன நம் பட்டாளத்தில் என் அண்ணனும் இருந்தான். ஹவில்தார். போய்விட்டுச் சிவகாசிக்குத் திரும்பி வந்த அன்று தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. பாசம் எல்லாம் பிறகு. என்ன கொண்டுவந்திருக்கிறான் என்று பார்க்கத்தான். யானைத் தந்தம் என்றார்கள், வைரம் என்றார்கள். அண்ணன் குதிரைவண்டியிலிருந்து இறக்கியது ஒரு பிரம்புக்கூடை. அதற்குள் கழுத்தில் மரமணியோடு ஒரு செவலை நாய். ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "ஏலே, அங்கன ராஜபாளையம் இருக்கு, இங்கன சிப்பிப்பாறை இருக்கு. நாய்க்குப் பஞ்சம்னா கடல் தாண்டிப் போன?" தெரு சிரித்தது. அண்ணனும் சிரித்தான். அங்கே அவனுடைய அதிகாரி வளர்த்த நாய் அது. அவர் மாற்றலாகிப் போகும்போது இவன் கையில் விட்டுவிட்டுப் போனாராம். பெயரெல்லாம் யோசிக்கவில்லை. காங்கோ என்றே கூப்பிட்டோம்.

லீவு முடிந்து அண்ணன் போய்விட்டான். நாய் மதினியின் தலையில் விழுந்தது. மதினிக்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கரிசக்காட்டுக் கிராமம். நெட்டையாக இருப்பாள், எண்ணித்தான் பேசுவாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷத்தில் புருஷனோடு சேர்ந்து இருந்தது மூன்று மாதம் தேறாது. நாய் வளர்த்த பழக்கமும் கிடையாது. ஆனால் அண்ணன் போகும்போது, "இதைப் பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். அவளுக்கு அது போதும்.

அந்த நாயின் லட்சணங்களைச் சொன்னால் இன்றைக்கும் நம்புவாரில்லை. முன்னங்காலை நக்கி நக்கிப் பூனை மாதிரி முகம் கழுவும். கிட்டே போய் மோந்தால் நாய் வாடையே இருக்காது. என்னைத் திட்டும்போதெல்லாம் "அந்த நாயப் பாத்தாவது சுத்தமா இருக்கக் கத்துக்க" என்று அம்மாவே சொல்லும் அளவுக்குச் சுத்தம். வால் முதுகின்மேல் முறுக்குச் சுற்றினாற்போல் சுருண்டு கிடக்கும். நெற்றியில் சுருக்கம் விழுந்து, எந்நேரமும் பெண்ணுக்கு வரன் அமையாத தகப்பனின் முகம். கூப்பிட்டால் வராது. காது கேட்கும், திரும்பிப் பார்க்கும், வந்தால் என்ன கிடைக்கும் என்று யோசிக்கும், பிறகு எதிர்ப்பக்கம் நடக்கும். ஆனால் சுவர் ஏறும் சாமர்த்தியம் இருக்கிறதே, அப்பப்பா! வீட்டில் நாங்கள் மூன்று பெண்களும் தீப்பெட்டிக் கூடு ஒட்டுவோம். காயவைத்து அடுக்கிய கூடுகளின் உச்சியில் ஏறி அது படுத்துக்கொள்ளும். பசைச் சட்டியை உறியில் தொங்கவிட்டாலும் ஜன்னல் திண்டில் ஏறி எட்டிவிடும். ஒருநாள் சாயங்காலம் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய கூடுகளை மத்தியானமே சப்பையாக்கி வைத்திருந்தது. மதினி உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி ஒட்டினாள்.

மழைதான் அதற்கு ஜென்ம விரோதி. எங்கள் ஊரிலும் மழையை யாருக்கும் பிடிக்காது. தூறல் விழுந்தால் குச்சி காயாது, மருந்து காயாது, வேலை நின்றுபோகும். நாலு துளி விழுந்ததும் காங்கோ ஒரே ஓட்டமாக உள்ளே வந்து, ஒவ்வொரு காலாக உதறி, என்னமோ நாங்கள்தான் தண்ணீரை ஊற்றியதுபோல எங்களை முறைக்கும். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த அப்பா, "இது நம்ம ஊருக்குன்னே பெறந்த நாயி" என்பார். அவர் அந்த நாயைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அது குரைக்காது. ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை. காட்டில் வேட்டைக்குப் போகும்போது நாய் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காகத்தான் அந்த ஊர்க்காரர்கள் மணி கட்டுகிறார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தான். ஆனால் அதற்குத் தொண்டை இல்லாமல் இல்லை. எப்போதாவது தலையை உயர்த்தி ஒரு சத்தம் கொடுக்கும். அழுகை என்றால் அழுகை, பாட்டு என்றால் பாட்டு. ஊ... ஓ... என்று ஏறி இறங்கும், கேட்கிறவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நம் ஊரில் நாய் அழுதால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். "அது அழுகல அத்தை. சந்தோசம் வந்தா அப்படித்தான் கூப்பிடும்னு உங்க மகன் சொன்னாக" என்று மதினி அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அறுபத்தைந்தில் பாகிஸ்தான் சண்டை வந்தது. அண்ணன் எல்லையில் இருந்தான். கடுதாசி நின்றுபோனது. மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் மதினி தபாலாபீசுக்குப் போவாள். தபால்காரர் வீட்டுக்கே வருவார்தான், அதுவரை அவளால் பொறுக்க முடியவில்லை. வெறுங்கையோடு தெருமுனையில் திரும்புவாள். வாசலில் உட்கார்ந்திருக்கும் காங்கோ தலையைத் தூக்கி அந்தச் சத்தத்தை ஆரம்பிக்கும். தினமும் அதே நேரம். தினமும் கடுதாசி இல்லை. தெருவில் பேச ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுக்காரி அம்மாவிடம் வந்து, "தாயி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீக. எம்புட்டு நாளைக்கு இத வாசல்ல வச்சிருப்பீக?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. சுவரோரம் சுருண்டு படுத்துக்கொண்டு, "எம்புள்ளய வாங்காம இது ஓயாது" என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அப்போது பதினேழு வயது. பள்ளி இறுதி வகுப்பு முடித்தவள், பெரிய அறிவாளி என்ற நினைப்பு. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் நானும் காதைப் பொத்திக்கொள்வேன். அண்ணன் என்றால் எனக்கு உயிர். ஒருநாள் காலை, மதினி தண்ணீருக்குப் போயிருந்த நேரம், தெருக்கோடியில் விருதுநகருக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காங்கோவின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்தேன். சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்ற பயம். பழைய பச்சைத் தாவணித் துண்டில் அதைச் சுற்றி, பவுடர் டப்பாவில் போட்டு, என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு லாரிக்காரரிடம் ஓடினேன். "அண்ணே, எங்கனயாச்சும் தூரமா எறக்கி விட்டுருங்க." அவர் அதைப் பார்த்தார். "குரைக்காத நாயில்லா? தொந்தரவு இல்ல, குடு" என்றார். வண்டி கிளம்பும்போது அது திமிறவில்லை, கத்தவில்லை. நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

மதினி வந்து தேடினாள். நானும் சேர்ந்து தேடினேன்! வெட்கம் கெட்டவள், சந்து சந்தாகப் போய்க் "காங்கோ, காங்கோ" என்று கூப்பிட்டேன். அம்மா மட்டும் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். மறுநாள் காலை லாரி திரும்பி வந்து நிற்பதைக் கண்டதும் மதினி அங்கே போனாள். திரும்பி வந்து, "அத்தை, எங்க ஊருவரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்றாள். யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தனியாக அவள் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. லாரிக்காரர் என் பெயரைச் சொல்லியிருப்பாரே! ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பவுடர் டப்பா இருந்தது, தாவணித் துண்டு மடித்து வைத்தபடி இருந்தது. மணியைக் காணோம்.

அன்றும் அவள் வரவில்லை, மறுநாள் மத்தியானம்வரை வரவில்லை. அண்ணன் வந்தால் என்ன சொல்வேன் என்ற கவலை எல்லாம் போய், மதினி வந்தால் எப்படி முகத்தைப் பார்ப்பேன் என்ற பயமே பெரிதாகிவிட்டது. நான் செய்தது தெரிந்தால் அண்ணன் ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டான். அதைச் சொல்லவும் சொல்லாமல் விடவும் அவள் ஒருத்தியால்தான் முடியும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டொக் டொக்கென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முட்டிவரை கரிசல் சேறு அப்பிக்கொண்டு மதினி நின்றாள். முந்தானைக்குள் நாய். அதன் கழுத்தில் மணி.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். மதினி அவள் வாயைத் திறக்கவே விடவில்லை. "நான்தான் அத்தை கயித்தச் சரியாக் கட்டாம விட்டுட்டேன். ஆமத்தூர் வரைக்கும் போயிருச்சு. எங்க ஊர்க்காரக பாத்திருக்காக." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். "ஏ புள்ள, இதுக்குத் தொடைக்க ஒரு துணி எடுத்துட்டு வா" என்றாள். அந்தப் பச்சைத் தாவணித் துண்டைத்தான் எடுத்து வந்தேன். வாங்கித் துடைத்தாள்.

அவள் எப்படித் தேடினாள் என்பதை வெகுநாள் கழித்து அவளுடைய தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். லாரிக்காரர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மணியை ஆட்டிக்கொண்டே காடு காடாக நடந்தாளாம். பைத்தியம் என்றுகூடச் சிலர் நினைத்தார்களாம். இரண்டாம் நாள் மழை பிடித்ததும், நடப்பதை நிறுத்திவிட்டு நின்று யோசித்தாளாம். மழை பெய்தால் அது எங்கே ஒதுங்கும்? பம்புசெட் ரூம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். நாலாவது ரூமில் காங்கோ மோட்டார்மேல் ஏறி உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்ததாம். அவளைக் கண்டதும் அந்தச் சத்தத்தைப் போட்டதாம். "அக்கா அழுது நான் பாத்தது அன்னைக்கு மட்டுந்தான்" என்றார்.

சண்டை நின்று, சில வாரம் போய், ஊர் தீபாவளி ஆர்டரில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். நாங்கள் மூவரும் கூடு ஒட்டிக்கொண்டிருந்தோம். மதினி வீட்டுக்குள்தான் இருக்கிறாள். வெளியிலிருந்து வர வேண்டியவர் யாரும் இல்லை. வாசலில் காங்கோ தலையைத் தூக்கிக் கூவ ஆரம்பித்தது. இதுவரை கேட்டிராத நீளம். "பாவி நாயே!" என்று அம்மா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். தெருமுனையில் ஒரு குதிரைவண்டி திரும்பியது. காலில் கட்டோடு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் அண்ணன்! அம்மா விளக்குமாற்றோடு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அது ஒருநாளும் யாருக்காகவும் அழவில்லை. தினமும் மத்தியானம் தெருமுனையில் மதினியின் தலை தெரிந்த சந்தோஷத்தில் கூவியது. கடுதாசி இல்லாமல் வந்தாளா, இருந்து வந்தாளா என்பது அதற்கு என்ன தெரியும்? அவள் வந்தாள், அது போதும் அதற்கு. எங்கள் பயத்துக்கு ஒரு வாயில்லாப் பிராணியைப் பலிகொடுக்கப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் நாயை மடியில் போட்டுக்கொண்டு, "தொந்தரவு குடுத்துச்சா?" என்று கேட்டான். நான் கதவோரம் ஒண்டிக்கொண்டு நின்றேன். "ஒரு தடவ வெளிய போயிருச்சு. அதுவா வந்துருச்சு" என்றாள் மதினி. பிறகு காங்கோ ஒரு சிப்பிப்பாறை நாயோடு சேர்ந்து மூன்று குட்டி போட்டது. அத்தனையும் லொள் லொள்ளென்று குரைத்தன. பெற்றவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். குட்டிகளுக்குப் பால் சோறு ஊட்டியது அம்மாதான்.

எனக்குக் கல்யாணமாவதற்கு முந்தின மாதம் காங்கோ கண்ணை மூடியது. புகுந்த வீட்டில் என் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் அந்தப் பழைய பவுடர் டப்பா. உள்ளே பச்சைத் தாவணித் துண்டில் சுற்றி மரமணி. நான் எப்படிச் சுற்றி வைத்தேனோ அதே சுற்று. புதுப்பெண் அழுகிறாள், பிறந்த வீட்டு நினைப்பு என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அண்ணன் போய்விட்டான். கடைசிவரை அவனுக்கு நான் செல்லத் தங்கையாகவே இருந்தேன். அது மதினி எனக்குக் கொடுத்தது. எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்க வாயெடுத்திருக்கிறேன். அவள் உடனே ஒரு வேலை சொல்லிவிடுவாள், காபி போடு, பூவை எடு என்று.

போன தை மாதம் பேரன் காரில் மதினி என்னைப் பார்க்க வந்திருந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், தடி ஊன்றித்தான் நடை. கம்பிக்கதவில் டொக் டொக் கேட்டு ஓடினேன். அவள் உள்ளே வராமல் மணியைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வாங்க மதினி" என்றேன். அவள் நிமிர்ந்தாள். கண்ணில் அப்படி ஒரு குறும்பு.

"ஏ புள்ள, இதத் திரும்பவும் அந்த டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிராத. காடு காடா ஆட்டிக்கிட்டுப் போக எனக்கு இப்பக் காலு இல்ல."

சொல்லிவிட்டு மணியை இன்னொரு முறை ஆட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.