மெஷினுக்குப் பந்தி விசாரித்தவன்

ஒரு வரி அடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்பான் சிவதாணு. அந்த வரியைச் சத்தமாக வாசிப்பான். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து, “பிள்ளைக்கு வெளங்கிச்சா?” என்று கேட்பான். பிள்ளை என்பது ஏஐ. மனிதருக்குப் பதிலாக டிக்கெட் எடுக்கும், லாட்ஜில் ரூம் போடும், அதற்குப் பணமும் கட்டும் மெஷின். பணம் கட்டுகிற ஒரு சாஃப்ட்வேரை அது எப்படிக் கையாள வேண்டும் என்று விளக்கம் எழுதுவதுதான் இவன் உத்தியோகம். எழுதுவது இங்கிலீஷில். எனக்கு மட்டும் தமிழில் சொல்வான். கம்பெனி பெங்களூரில், இவன் இருப்பது வடசேரியில், என் கட்டிடத்து மாடியில்.

என் கட்டிடம் என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. சந்தையில் வாழைக்குலை சுமந்தவன். இன்று என் குலை ஏறாமல் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு லாரி கிளம்பாது. முடியாது என்றால் முடியாது என்று ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்ததால் கட்டிய கட்டிடம் இது. சிவதாணு எம்.ஏ. இங்கிலீஷ். முடியாது என்கிற அந்த ஒரு சொல் மட்டும் எந்தப் பாஷையிலும் அவன் வாயில் வராது. சீட்டுக்காரி வந்தாலும் இன்சூரன்ஸ்காரன் வந்தாலும், “பாக்கலாம், பொறவு பாக்கலாம்” என்பான். அதை நம்பி அவர்கள் மறுபடி மறுபடி மாடி ஏறுவார்கள். என் படிக்கட்டு பாதி தேய்ந்தது அப்படித்தான்.

சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தி விசாரிக்க இவனை விட்டால் ஆள் இல்லை. தோளில் துண்டு போட்டுக்கொண்டு இலை இலையாகக் குனிந்து போவான். சாப்பிடுகிறவர் போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்தால், விரலிடுக்கு வழியே பிரதமன் பாயசத்தை ஊற்றச் சொல்வான். “மொத தடவ வேண்டாங்கது மரியாதைக்கு அண்ணாச்சி. ரெண்டாவது வெக்கத்துக்கு. மூணாவது தடவையும் வேண்டாம்னாத்தான் வயிறு பேசுகு.” என் மகள் கல்யாணத்தில், சர்க்கரை வியாதிக்காரரான என் சம்பந்தியை இப்படி விசாரித்து விசாரித்து ஆஸ்பத்திரி வரை அனுப்பிவைத்தான்.

இதே உபசாரத்தை மெஷினுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்பது போன மாதம்தான் தெரியவந்தது.

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ். சூரியோதயம் பார்க்க வருகிற ஒரு வயசான தம்பதிக்காக மெஷின் அங்கே ரூம் போட்டது. பணம் அனுப்பியது. பாங்கிலிருந்து பதில் வரத் தாமதம். மெஷின் சிவதாணு எழுதியதைப் பார்த்தது. ‘மறுத்தாலும், பதிலே வராவிட்டாலும் மனம் தளராதே. மீண்டும் அன்போடு கேள்’ என்று இருந்தது. அன்போடு கேட்டது. கேட்ட ஒவ்வொரு தடவையும் பணம் போனது. தம்பதி வந்து இறங்கியபோது அவர்கள் பேரில் நாலு ரூம், மேஜை மேல் நாலு சாவி. கிழவி கிழவரைப் பார்த்து, “நமக்குள்ள அம்புட்டு சண்டையா?” என்று கேட்டாளாம்.

கம்பெனியில் இவனுக்கு மேலே இருப்பவள் ஷெர்லி, மார்த்தாண்டத்துக்காரி. அவள் போன் வந்தபோது நான் தண்ணி மோட்டாரைப் பார்க்க மாடிக்குப் போயிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“சிவதாணு சாரே, அது என்ன அன்போட கேளு? கல்யாணப் பந்தியா நடத்துதீங்க?”

“மேடம், ஒரு தடவ இல்லைன்னு சொன்ன ஒடனே எலைய எடுக்கது நல்லாவா இருக்கும்?”

“மெஷினுக்க முன்னால எலையும் இல்ல, பிரதமனும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள மாத்தி எழுதுங்க. நானே சோதிச்சுப் பாப்பேன். மறுபடியும் பணம் ரெண்டாப் போச்சுன்னா, இந்த வேலைக்கு வேற ஆளு.”

வேலை போனால் பழையபடி மஸ்கட்தான். அங்கே ஏசி கம்பெனியில் கிடந்து வந்தவன். இனி ஒரு தடவை கடல் தாண்டினால் திரும்பி வரவே வேண்டாம் என்று மனைவி சிவப்ரியா சொல்லிவைத்திருக்கிறாள்.

எழுதினான். எழுந்து நின்று வாசித்தான். ‘மறுத்தால், இயன்றவரை பொறுமை காத்து, சூழ்நிலைக்கு ஏற்ப நடந்துகொள்.’ மெஷினிடம் கொடுத்துப் பார்த்தான். அது திருப்பிக் கேட்டது: இயன்றவரை என்றால் எத்தனை தடவை? எந்தச் சூழ்நிலைக்கு எப்படி?

அடுக்களையிலிருந்து சிவப்ரியா சிரித்தாள். “நல்லாக் கேக்குது. கெட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நானும் இதத்தான் கேக்கேன். எனக்கு என்னைக்காவது பதில் கெடச்சிருக்கா?”

“ஏட்டி, சும்மா கெட. நேரடியா நிறுத்துன்னு எழுதினா பிள்ளைக்கு மொகம் வாடிராதா?”

“மொகம் இருந்தால்லா வாடும்! மஸ்கட்டுக்குப் பெட்டிய எடுத்து வைக்கட்டா?”

அவன் என் பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, நீங்களாவது ஒரு வரி சொல்லுங்களேன்.”

“முடியாது” என்றேன்.

வேர்த்து வழிய உட்கார்ந்தான். கடைசியில் எழுதியே விட்டான். ‘பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பாதே. முதலில் அனுப்பிய பணம் போய்விட்டதா என்று பார். பாங்க் மறுத்தால் நிறுத்து. உன்னை ஏவியவரிடம் சொல்.’ பின்னால் ஒரு ‘தயவுசெய்து’ சேர்த்தான். சிவப்ரியா அகப்பையோடு வந்து நின்றாள். அழித்தான்.

சாயங்காலம் ஷெர்லி போனில் இருந்தபடியே சோதித்தாள். முதலில் பதில் வராத மாதிரி ஏற்பாடு. மெஷின் மறுபடி அனுப்பாமல், பணம் போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. அடுத்தது, பாங்க் மறுக்கிற மாதிரி. சிவதாணு நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தான். எழுத்துகள் வந்தன. அவன் எனக்காகத் தமிழில் வாசித்தான்: “பாங்க் மறுத்துவிட்டது. நிறுத்திவிட்டேன். நீங்கள் சொல்லாமல் இனி அனுப்ப மாட்டேன்.”

“செரி சாரே, நாளைக்கு அடுத்த பக்கத்த எடுங்க” என்றாள் ஷெர்லி. போனை வைத்துவிட்டாள்.

இத்தனை வருஷம் என் மாடியில் குடியிருக்கிறான். கட்டிடத்துச் சொந்தக்காரன் நான் படியேறி வந்தால், உட்கார்ந்த வாக்கிலேயே “வாங்க அண்ணாச்சி” என்பதோடு சரி. அன்றைக்கு சிவதாணு மெல்ல எழுந்தான். முட்டுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து, கணுக்கால் மறைய இறக்கிவிட்டுக்கொண்டு, அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கைகட்டி நின்றான்.